பொம்பளை விரலுக்கு வராதது

"கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டு லீலா." என்று பெரியம்மாள் வெள்ளைத் துணிக் கிழிசலை நீட்டினாள். லீலாவதி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து, புருஷனின் கைகளை நெஞ்சுமேல் கூட்டிவைத்துக் கட்டினாள்.

இளையபெருமாளின் விரல்கள் விறைத்திருந்தாலும் தோல் வழவழவென்றுதான் இருந்தது. தினமும் தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுக்கொள்வான். மண்வெட்டி பிடிக்க மாட்டான், கிணற்றில் கயிறு இழுக்க மாட்டான். "இந்த விரல்தான் நமக்குச் சோறு போடுது" என்பான். ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் காசு வித்தை காட்டுவான். மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கூப்பிட்டால் உண்டு. அடுப்பு எரிந்தது லீலாவதி ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைத்த கூலியில். கொட்டையின் எண்ணெய் தின்றுதின்று அவள் விரல்நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடைக்காரர் கைநாட்டு வாங்கும்போதெல்லாம், "என்னம்மா, வெறும் மைதான் ஒட்டுது?" என்று கேட்பார்.

நேற்றுச் சாயங்காலம் அரியலூரிலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்முன் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. அவன் அக்கா பெரியம்மாளின் மகன் முத்துவேல்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவன் பாடை கட்டும் ஆட்களோடு வாசலில் நின்றான். லீலாவதி இன்னும் அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

பத்து மணி வாக்கில் பந்தலுக்குள் ஒருத்தி மாலையோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. மாலையைப் போட்டுவிட்டுக் காலடியில் விழுந்து, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள். சொந்தத் தங்கச்சிகூட இப்படி அழ மாட்டாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து லீலாவதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கொளஞ்சியம்மா, அண்ணி. அரும்பாவூரு."

லீலாவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது முத்துவேலின் நாலு வயது மகள் சத்யா பறைச் சத்தத்துக்கு மிரண்டு வீறிட்டாள். அவளுடைய அம்மா சமாதானம் செய்து ஓய்ந்துபோனாள். கொளஞ்சியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தாள். குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"கெட்டியாப் புடிச்சுக்க. ஊது. இப்பத் தொற பாப்பம்."

சத்யா திறந்தாள். இரண்டு காசு இருந்தது. அழுகை நின்றது.

லீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். ஆயிரம் தடவை பார்த்த வித்தை. அந்த மடக்கல், அந்த 'ஊது', எல்லாம் இளையபெருமாளேதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கையெல்லாம் புண்ணாகி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்ற சமயம். ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்களேன். கல்யாண வூட்டுல பொம்பளைங்க பக்கம் நான் காட்டுறேன். இந்தக் கொட்டையிலேருந்து தப்பிச்சுக்குவேன்ல."

அது சாதாரணக் காசில்லை, மெட்ராஸிலிருந்து தபாலில் வருகிற காசு, விலை நாற்பது ரூபாய் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவன் எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பொம்பளை விரலுக்கு இது வராது லீலா."

அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. மறு வாரம் கைக்குச் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கப் போய்விட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று லீலாவதி இப்போது கேட்டாள்.

"அண்ணன்தான். வேற யாரு?" கொளஞ்சியம்மாளுக்கு மறுபடியும் கண் கலங்கியது. "எங்க வூட்டுக்காரரு லாரியில அடிபட்டுப் படுத்துட்டாரு. பாடாலூரு பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். அண்ணன் ஏதோ ஸ்கூல்ல புரோகிராம் முடிச்சுட்டு பஸ்ஸுக்கு நின்னாரு. என்னம்மான்னு கேட்டாரு, சொன்னேன். ரெண்டு நாளு வூட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாரு. காசும் அவரே வாங்கியாந்து குடுத்தாரு. இன்னைக்கு வரைக்கும் அதுலதான் எங்க பொழப்பு ஓடுது."

"எப்ப?"

"ஆச்சு, ஆறு வருசம்."

பெரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். லீலாவதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் பயந்தேன் அண்ணி. பொம்பளைக்கு இதெல்லாம் வருமாண்ணேன்னு கேட்டேன். ஆம்பளையவிடப் பொம்பளை விரலுதாம்மா சொன்னபடி கேக்கும், தைரியமா செய்யின்னாரு. சாமி மாதிரி மனுசன்."

வாசலில் பறை நின்று, ஆட்கள் டீ குடிக்க ஒதுங்கினார்கள். சத்யா இரண்டு காசையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாள் நைசாக அவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்லண்ணி, பாத்தா சிரிப்புத்தான் வரும். உங்களுக்குத் தெரியாததா?"

லீலாவதி, கட்டிக் கிடந்த கட்டைவிரல்களைப் பார்த்தாள். கேட்டால் இவள் இப்போதே காட்டிவிடுவாள். சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்ன விஷயம்.

"தெரியும்" என்றாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போய் விழுந்து கும்பிட்டுத் திரும்பினார்கள். பெரியம்மாள் அவள் தோளைப் பிடித்து, "மனசுல வச்சுக்காத. அழுதுடு லீலா" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு நேரமாவுது" என்றாள் லீலாவதி. "அரும்பாவூருக்குப் பெரம்பலூரு போயித்தான் மாறணும். கெளம்பச் சொல்லுங்க."

சாவு வீட்டிலிருந்து கொளஞ்சியம்மாள் சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். அவள் அப்படியே கூட்டத்தோடு நடந்து மறைந்தாள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். அழுக்குத் தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. பாடை போன வழிநெடுகச் சாமந்தியும் பொரியும் சிதறிக் கிடந்தன. எதிர்வீட்டு ஆடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, பொரியை ஒதுக்கிவிட்டுப் பூவை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே தெருவோடு போனது. லீலாவதி அதை விரட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.