மாமியார் வீட்டு ஸ்டீக்

சோலைராஜுக்கு வாய் ஓயாது. அதுவும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ரசத்த நுரை கட்டுனதும் இறக்கணும் பிரேமா", "கறிய இம்புட்டு நேரமா வேகவைக்குத?" என்று கவளத்துக்கு ஒரு பாடம் நடத்துவான். வேலை கோவில்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடையில். கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் செல்போனில் சமையல் வீடியோ பார்ப்பான். வெந்நீர்கூட வைத்தறியாத மனுசன், வாயாலேயே வடை சுட்டு ஊருக்கே பந்தி வைத்துவிடுவான்.

பிரேமலதாவும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒருநாள் அவன் தோசைக்கு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்டியை அவன் கையில் திணித்தாள்.

"ஒரே ஒரு சாப்பாடு. அடுப்பு பத்தவைக்கதுல இருந்து தட்டுல வைக்கது வரைக்கும் நீங்களே செஞ்சு, எங்க வீட்டாளுக முன்னாடி காட்டுங்க. அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

சொன்னவள் கயத்தாறு பக்கம் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறியேவிட்டாள்.

அன்றிலிருந்து சோலைராஜுக்கு ஹோட்டல் சோறு. சோறு கிடக்கட்டும், கழுதை. வீட்டுக்குள் நுழைந்தால் ஏன் லேட்டு என்று கேட்க ஆளில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் படுத்திருப்பது? எப்பாடு பட்டாவது அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று தவித்துப்போனான்.

சரி, ஒரு சாம்பார் வைப்போம், உப்புமா கிண்டுவோம் என்று நினைத்தானா? அதுதான் இல்லை. ஸ்டீக் செய்வதென்று முடிவுகட்டினான்! கனமாக அறுத்த ஒற்றைத் துண்டுக் கறியைக் காய்ந்த இரும்பில் போட்டு, மேலே முறுகலாகவும் உள்ளே சிவப்பாகவும் எடுக்கிற வெள்ளைக்காரன் பதார்த்தம். மசாலா கிடையாது, குழம்பு கிடையாது, தப்பு பண்ண அதில் என்ன இருக்கிறது என்பது அவன் எண்ணம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை கண்ணபிரானிடம் போய் நின்றான்.

"ஆட்டுத் தொடைய நறுக்காத. எலும்போட பலகை கணக்கா கனமா அறுத்துக் குடு."

"திங்கவா அண்ணாச்சி, கதவுக்கு முட்டுக் குடுக்கவா?"

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை அடுப்படிக்குள் நுழைந்ததும் மாமியார் பெருமாயி பதறிப்போனாள். அவள் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுகிறவள் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏட்டி, இந்தக் கூத்தப் பாத்தவிய என்ன சொல்லுவாவ? மாப்பிள்ளைய அங்கன போயி உக்காரச் சொல்லு."

"எம்மா, நீ சும்மா இரு" என்றாள் பிரேமலதா.

சோலைராஜ் கறியில் உப்பைத் தடவி, ஈரம் உலரட்டும் என்று தாம்பாளத்தில் வைத்தான். மாமனார் வன்னியபெருமாள் வாசலில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவரிடம் மழை இல்லாத கதையை இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து பார்த்தால், அடக் கடவுளே! கறி மஞ்சள் நீராட்டிய பெண்பிள்ளை மாதிரி சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் போட்டு அலசாத கறி அந்த வீட்டில் அடுப்பேறியதே கிடையாது. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது பாவம் என்று பெருமாயி நன்றாக அலசி வைத்துவிட்டாள்.

ஈரக் கறி முறுகவே முறுகாது. நாக்கு நுனிவரை ஒரு பிரசங்கம் வந்தது. கைகட்டி நிற்கும் பிரேமலதாவைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, அகப்பட்ட துணியை எடுத்துக் கறியை ஒற்றினான். அது வன்னியபெருமாளின் புதுத் துண்டு என்பது ஒற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"கெடக்கட்டும் மாப்பிள்ள" என்றார் மாமனார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

தோசைக்கல் காய்ந்து புகைந்தது. கறியைப் போட்டதும் எழும்பிய புகையில் அடுப்படியே மறைந்துபோனது. பக்கத்து வீட்டு வெயிலம்மாள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து, "எங்கன தீ, எங்கன தீ?" என்று கூவினாள். சோலைராஜ் இருமிக்கொண்டே புரட்டினான். விரலில் எண்ணெய் தெறித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் கறி பழுப்பேறி, ஓரத்துக் கொழுப்பு உருகி, ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள்! வெயிலம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாறு உள்ளுக்குள்ள அடங்கணும், இது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும். யாரும் தொடாதீங்க" என்று தட்டில் எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்வாசலுக்குப் போனான். ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு மனசு கொள்ளாத சந்தோஷம். எரிந்த விரலை வெகுநேரம் வாளித் தண்ணீரில் முக்கி வைத்திருந்துவிட்டு, முகமெல்லாம் சோப்பு நுரையாக நிற்கும்போது, உள்ளே குக்கர் விசில் அடித்தது.

சோப்பு முகத்தோடு ஓடினான். தட்டில் சிவப்புச் சாறு மட்டும் தேங்கிக் கிடந்தது.

"ரத்தம் கசியுத கறிய மாப்பிள்ளைக்கு வைக்க முடியுமா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "வயித்துக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? அதான் வெங்காயம் தக்காளி போட்டு ஏத்திட்டேன்."

எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். சோலைராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவிடுக்கில் பார்த்தால் பெருமாயி பயந்துபோய் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னும் ரெண்டு விசில் விடுங்க அத்தை" என்றான். "தொடைக்கறி லேசுல வேகாது."

இலை போட்டார்கள். உப்பு ஒரு கை கூடத்தான். ஆனாலும் சோலைராஜ் ஒரு நொட்டை சொல்லாமல், இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டுப் பிரேமலதாவிடம் வந்தான்.

"தட்டுல வைக்க வரைக்கும் நானே செய்யணும்னு சொன்ன. நான் செய்யல. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப வாரேன்."

அவள் முகத்தைப் பார்க்காமல் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினான். பின்னால் பாரம் ஏறியது. திரும்பிப் பார்த்தால், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிரேமலதா உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, நான் தோத்துட்டேன்லா?"

"ஆமா, தோத்துட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலயே செய்யுங்க. அங்கன எங்கம்மா வரமாட்டா. வண்டிய எடுங்க."