பிந்தி வந்த அலை

சோதனையில் அளவு நன்றாக வந்திருந்தது. நிருஜாவுக்கு அதனால்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவள் வடிவமைத்த மின்சாரக் கார் சார்ஜர் தேறிவிட்டதென்று பென்ரோஸிலிருந்த பட்டறையே காலைத் தேநீர் இடைவேளையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. முதல் சார்ஜர், அதைச் சோதித்த பிரசாத்தின் வீட்டுக்கே போகிறது. பிளாட் புஷ் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக் கராஜ் சுவரில் அதை மாட்ட மத்தியானம் எலக்ட்ரிஷியன் வருகிறார். கராஜுக்கு நேர் மேலே அவன் குழந்தையின் அறை.

சூடாக வீணாகும் மின்சாரம் கொஞ்சம்தான் என்றது மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப். ஆனால் சார்ஜரை அணைத்துவிட்டு உள்ளே தொட்டால் விரல் வைக்க முடியவில்லை. எது பொய்? நிருஜா ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். கடைசியில் பிரசாத்திடமே போய் நின்றாள்.

“கரண்ட் ப்ரோப் மாத்தினது எப்ப?”

“போன வாரம். பழசு ரிப்பேருக்குப் போச்சு. ஏன்?”

“மாத்தின பிறகு டெஸ்கியூ செய்தனீங்களோ?”

பிரசாத்தின் முகம் சுருங்கியது. மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் ப்ரோப்புகளின் நேரத்தை ஒன்றாக்கும் அந்தத் திருத்தத்தைப் பழைய ப்ரோப்புக்குச் செய்ததோடு சரி. புதியதற்குக் கேபிள் நீளம், அதனால் அதன் செய்தி பிந்தி வரும். மின்னழுத்தம் இறங்கி முடிந்த பிறகுதான் மின்னோட்டம் ஏறியது என்று திரை சத்தியம் செய்யும். இரண்டும் சேர்ந்திருக்கும் கணத்தில் பிறக்கும் சூடு கணக்கிலேயே வராது.

“நல்லா வந்ததை எதுக்குக் கிளறுறீங்க? பாஸானது உங்க டிசைன்தானே?”

“ஓம், என்ர டிசைன்தான். அதாலதான் கேக்கிறன்.”

முணுமுணுத்துக்கொண்டே அவன் மின்னழுத்த ப்ரோப்பையும் புதிய கரண்ட் ப்ரோப்பையும் ஒரே மின்துடிப்பை அளக்கும்படி மாட்டினான். சேர்ந்து எழ வேண்டிய அலைகளில் ஒன்று பின்தங்கி வந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை தாமதத்தைத் திருத்திவிட்டு, சார்ஜரை மறுபடி அளந்தான். தன் சந்தேகம் பொய்யாகட்டும் என்று நிருஜா உள்ளுக்குள் கெஞ்சினாள். வீணாகும் மின்சாரத்தின் எண் ஏறியது. வரம்பைத் தாண்டி, இன்னும் ஏறியது. அவளுடைய இரண்டு வருட வேலை அதோடு போயிற்று. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பிரசாத் சார்ஜரை அணைத்தான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

“அபிதா, எலக்ட்ரிஷியனை இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிடு.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. “ஒண்ணுமில்ல. பாப்பா தூங்கிட்டாளா?”

கராஜுக்கு மேலே இருக்கும் அந்த அறை நிருஜாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.