கேப்டன் பேசிய இந்தி

செல்வக்குமாரை மைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். வாடிப்பட்டிப் பக்கத்து அந்த ஊரில் இந்தி தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. எல்லையில் குண்டுவெடித்து வெள்ளைத்துரை செத்து ஒரு வருஷம். படத்திறப்புக்கு ராணுவத்திலிருந்து ஒரு கேப்டன் வந்திருந்தார். பந்தலின் முன்வரிசையில் முத்துத்தாய். செத்தவனின் பெண்டாட்டி, செல்வக்குமாரின் கூடப்பிறந்தவள். அண்ணனோடு அவள் பேச்சை நிறுத்தியும் ஒரு வருஷம்தான்.

புருஷன் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். அவன் வரவில்லை. யாரோ பங்காளி எடுத்து வந்த சேலையைப் போர்த்தினார்கள். பட்டாளத்திலிருந்து பாதியில் ஓடிவந்தவன் என்று ஊர் வாய்கூசாமல் பேசியது. அவன் மறுக்கவில்லை. மரத்துப்போன கால் மாதிரி உள்ளே எதுவும் அசையவில்லை.

பட்டாளத்தின் உளவுப் பிரிவில் எதிராளிகளின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்பது அவன் வேலை. அந்தச் சாலையில் குண்டு வைக்கிறார்கள், வண்டி விடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். முந்தைய எச்சரிக்கைகள் புஸ்ஸென்று போயின, இதையும் அனுப்பினால் மேலே சிரிப்பார்கள் என்று மேஜர் அதை ஓரங்கட்டினார். போன வண்டியில் மாப்பிள்ளை வெள்ளைத்துரையும் இருப்பான் என்று யார் கண்டது. விசாரணையில் நடந்ததைச் சொன்னான். முகாமைவிட்டு நகரவிடாமல் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வாய் திறந்தால் ஜெயில் என்றார்கள்.

கேப்டன் சிறு வயசுக்காரர். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. மேலிடம் எழுதிக் கொடுத்ததை இந்தியில் வாசித்தார். வீரம், தியாகம், தேசம். செல்வக்குமாரின் வாய் தன்பாட்டுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனது. அப்புறம் கேப்டன், முன்கூட்டி எந்தத் தகவலும் யாருக்கும் வரவில்லை என்றார்.

பந்தல் காத்திருந்தது. முத்துத்தாய் தரையைப் பார்த்திருந்தாள்.

"முன்னாடியே தகவல் வந்துச்சு," என்றான் செல்வக்குமார், அதுவரை மொழிபெயர்த்த அதே குரலில். "கேட்டு எழுதிக் குடுத்தது நாந்தேன். மேல இருந்தவுக அமுக்கிப்புட்டாக. அத விசாரணையில சொன்னேன்னு என்னைய விடாம வச்சிருந்தாக. அதேன் தாயி, கோடி கொண்டார முடியல."

கேப்டன் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முத்துத்தாய் எழுந்து நின்றாள். "அவர உக்காரச் சொல்லுண்ணே," என்றாள். "நீ சொல்லு."

அந்த அம்மா என்ன கேட்கிறார் என்று கேப்டன் இந்தியில் விசாரித்தார். செல்வக்குமாருக்குப் பின்னால், ஃபேன் காற்றில், படத்தை மூடியிருந்த துணி விலகி விலகி விழுந்துகொண்டிருந்தது.