வெள்ளைக்காரனின் ஒப்பாரி

தட்டு மாற்றியாகிவிட்டது. தட்டு மாற்றிய பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் வாக்கு மாறியது கிடையாது. முன்சீப் அப்பாவுவின் தாத்தா காலத்தில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பேசி முடித்த மாப்பிள்ளைக்குக் கட்டைவண்டி ஏறிக் கால் போனது. அப்போதும் குறித்த முகூர்த்தத்தில்தான் தாலி ஏறியது. புத்தூர் வட்டாரத்தில் அதை இன்னும் சொல்வார்கள். கிராம முன்சீப் பதவியை அரசாங்கம் ஒழித்துப் பதினாலு வருஷம் ஆகியும் ஊர் அவரை முன்சீப் என்றுதான் கூப்பிட்டது. அவரும் அந்தப் பேருக்குக் குறை வராமல் முதுகை நிமிர்த்தியே நடந்தார்.

மகள் தரணிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சித்தூர் மோகன்ராஜ், மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பத்திரிகை அடிக்கக் கொடுக்க அப்பாவு திருப்பதிக்குப் போயிருந்தார். அச்சாபீஸில் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்தில் கேசட் பதிவு பண்ணும் கடை. அங்கே ஃபேன் ஓடியது, நாற்காலியும் இருந்தது. போய் உட்கார்ந்தார்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில், ஆட்கள் வந்து வாங்கிப்போக வேண்டிய கேசட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தெலுங்கில் எழுதியிருந்தது: மோகன்ராஜ், சித்தூர், ஜூஸ் ஃபேக்டரி.

அப்பாவு அதை இரண்டு தரம் படித்தார். பிறகு சும்மா கேட்பவர் போலக் கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறவன், தான் பெண் வீட்டுக்காரன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டிக்கொண்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

"இது இன்னா பாட்டுப்பா?"

கடைக்காரன் பிரவீன் சிரித்தான். "அதைக் கேக்காதீங்க சார். இங்கிலீஷ் பாட்டு. அட்டை முழுக்கக் கறுப்பு, ஒரு போட்டோகூட கிடையாது. வருஷா வருஷம் ஜூன் மாசம் வந்து புதுசா ஒண்ணு பதிஞ்சுக்கினு போவாரு. இது ஏழாவது. போன வருஷத்துது தேய ஆரம்பிச்சுடுச்சாம். அந்த அளவுக்குக் கேக்கறாருன்னா பாத்துக்குங்க."

"நல்லா இருக்குமா?"

"நான் நாலு பாட்டு கேட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல."

போடச் சொன்னார் அப்பாவு. முதலில் மேளம் வந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தெருமுனையில் பாடையோடு வருகிறவர்கள் அடிப்பது போல ஒரே அடி. அதன் மேல் ஒரு ஆண் குரல். கிணற்றில் இறங்கியவன், மேலே யாரும் இல்லை என்று தெரிந்தும் கூப்பிடுகிற குரல். அப்பாவுவுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் அந்தக் குரலுக்கு அர்த்தம் தெரியப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

"போதும், நிறுத்துப்பா" என்றார்.

பத்திரிகை மாதிரியை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார்.

அவர் பயத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. தங்கை யசோதா. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்பாவுதான். தட்டு மாற்றின பிறகு ஒரு உறவுக்காரர் காதோடு சொன்னார்: பையன் சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான், கூப்பிட்டாலும் வருவதில்லை. அப்பாவு போய்ப் பார்க்கவில்லை. வாக்கு வாக்குதான் என்று நடத்தி வைத்தார். ஒன்பதாம் மாசம் அந்தப் பையன் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். மாரடைப்பு என்று வெளியே சொன்னார்கள். சொல்லச் சொன்னவரும் அப்பாவுதான். யசோதா பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் வந்தவள்தான். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் சமையல்கட்டைத் தாண்டி அவளை யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கேசட் விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னார். யசோதா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இன்னா பண்ணப் போற அண்ணா?"

"தட்டு மாத்தியாச்சே."

"அன்னிக்கும் இதைத்தான் சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருஷத்தில் அவள் அதைச் சொல்லிக்காட்டியது அதுதான் முதல் தடவை. கீரையை உருவி முடித்து முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தத் தபா நீயே போய்ப் பாரு. உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. கல்யாணம் நடக்கட்டும், நிக்கட்டும், நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் அப்பாவு சித்தூருக்குப் போனார். கங்காதர நெல்லூர் சாலையில் ஃபேக்டரி. வாசலில் அரை மைலுக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். தோப்புக்காரன், சரக்கு எடுப்பார்களா என்று பார்க்க வந்தேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு நாலு ஏக்கர் தோப்பு இருந்தது.

கொட்டகைக்குள் நுழையும் முன்பே அந்த மேளம் கேட்டது. உள்ளே தூணுக்குத் தூண் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அதே கிணற்றுக் குரல். கீழே முப்பது நாற்பது பெண்கள், தலையில் துணி கட்டி, இரண்டு வரிசையாக நின்று மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி அந்த மேளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டப்பா மூடும் மெஷினும் அதே அளவில் தட்டிக்கொண்டிருந்தது. எது பாட்டு, எது மெஷின் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யோவ் பெரியவரே, தள்ளி நில்லு. சாறு மேல பட்டா ஈயெல்லாம் உன் கூடவே பஸ் ஏறிடும்."

சொன்னவள் ஐம்பது வயசுக்காரி. சென்னம்மா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அப்பாவு தள்ளி நின்றார்.

"யாராவது செத்துட்டாங்களாம்மா? இந்தப் பாட்டு போட்டிருக்காங்க?"

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

"சாவும் இல்ல, கருமாதியும் இல்ல. அது எங்க வெள்ளைக்காரன். ஏழு சீசனா பாடிக்கினு இருக்கான்."

"எதுக்கு இப்பிடி அழுறான்?"

"யாருக்குத் தெரியும்? பொண்டாட்டி ஓடிட்டான்னு நான் சொல்றேன். இவ, ஆத்தா செத்துட்டான்றா. அதோ அவ, வேலை போயிடுச்சுன்றா."

"நல்லதா நாலு சினிமா பாட்டு போடக் கூடாதா?"

"போட்டாங்களே, மொத வருசம். டூயட்டு டூயட்டா." சென்னம்மா கத்தியைத் துடைத்தாள். "இங்க இருக்கறவ புருஷனுங்க பாதி பேரு குவைத்துல, மீதி பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டானுங்க. டூயட்டு கேட்டா நெனப்பு வந்துடுது. கண்ணுல தண்ணி, கையில கத்தி. இந்த கங்கம்மா வெரலை அப்பிடித்தான் வெட்டிக்கினா. இவன் பாடினா அந்தத் தொல்லை இல்ல. எங்களுக்கும் சேத்து அவனே அழுதுட்றான். நாங்க வேலையப் பாக்கலாம்."

"சூப்பர்வைசரு வேற பாட்டு மாத்தினா இவங்க சண்டைக்குப் போவாங்க தாத்தா" என்றாள் கங்கம்மா. "போன வருசம் டேப்பு அறுந்து நாலு நாளு பாட்டு இல்ல. டப்பா கணக்கே கொறஞ்சு போச்சு."

அப்பாவுவின் ஊரிலும் சாவு வீட்டுக்கு ஒரு கிழவி வருவாள். செத்தவன் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் எடுத்துப் பாடினால்தான் மற்றவர்கள் நெஞ்சு இளகும். அழுது முடித்து எல்லாரும் காப்பி கேட்பார்கள். அது அவருக்குத் தெரியாததா? ஆனால் இந்தப் பெண்களுக்குச் சரி. ஏழு வருஷமாகத் தேடிப்போய்ப் பதிந்து வருகிறவனுக்கு?

"மாமா?"

பின்னால் மோகன்ராஜ் நின்றான். முழங்கை வரைக்கும் மாஞ்சாறு. தோப்புக்காரர் வேஷம் அந்த ஒரு வார்த்தையில் கலைந்தது. வரிசையில் கத்திச் சத்தம் நின்று, கிசுகிசுப்பு கிளம்பியது.

"ஐயோ, சூப்பர்வைசரு மாமனாரா?" என்றாள் சென்னம்மா. "நானு யோவ்னுட்டேனே."

மோகன்ராஜ் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டான். அப்பாவு உட்காரவில்லை. சுற்றி வளைத்துப் பேசவும் வரவில்லை.

"மாப்பிள்ளை, திருப்பதியில உங்க கேசட்டைப் பாத்தேன். ஏழாவதாமே."

மோகன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"நீராவி, சாறு, ஈ. ஒரு சீசனுக்கு மேல டேப்பு தாங்காது மாமா. அதான் வருஷத்துக்கு ஒண்ணு."

"அந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடிக் கெடைச்சுது?"

"அந்த டப்பா மெஷினோட வந்தது. இங்கிலாந்துல ஒரு ஃபேக்டரியை மூடினப்போ எங்க ஓனர் பழைய இரும்பு விலைக்கு வாங்கினாரு. அதை இங்க பூட்ட வந்த வெள்ளைக்காரர் அதே ஃபேக்டரியில பதினெட்டு வருஷம் இருந்தவரு. தான் வேலை செஞ்ச மெஷினைத் தானே கழட்டி, இங்க வந்து தானே பூட்டினாரு. பூட்டற வரைக்கும் இந்த டேப்பு ஓடிக்கினே இருந்தது. போறப்போ விட்டுட்டுப் போயிட்டாரு."

முப்பது வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டாத விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கௌரவம் போனால் போகட்டும் என்று நினைக்க அவருக்குத் தெரியாது. போகிறது என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தார்.

"எங்க யசோதா வீட்டுக்காரர் மாரடைப்புல போகல. தானே போயிட்டாரு. முன்னாடியே ஒரு பேச்சு என் காதுக்கு வந்துது. நான் போய்க் கேக்கல. அதனால உங்களைக் கேக்கறேன். உங்களுக்கு அந்த மாதிரி நெனப்பு உண்டா?"

மோகன்ராஜ் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதுவே அப்பாவுவுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

"நைனா செத்த வருஷம் இருந்தது மாமா. வந்தவங்க எல்லாம், எல்லாம் சரியாப் போயிடும்னாங்க. எனக்கு அது இன்னும் கஷ்டமா இருந்தது. இந்த ஆளு ஒருத்தன்தான் அப்பிடிச் சொல்லல. கூட உக்காந்துக்கினு இருந்தான். கடைசிப் பாட்டு முடியும், டேப்பு டக்குனு நிக்கும், எனக்குப் பசிக்கும். போய்த் துன்னுட்டு வருவேன். இப்ப அந்த நெனப்பு இல்ல. பாட்டு மட்டும் பிடிச்சுப் போச்சு. தரணி கிட்ட இதெல்லாம் சொல்லியிருக்கேன். உங்க பொண்ணு கேட்டுட்டுத்தான் சரின்னாங்க."

அப்பாவு நாற்காலியில் உட்கார்ந்தார். யசோதாவைக் கட்டிய பையன் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான், வெளியே வந்தால் எல்லாரிடமும் சிரித்துப் பேசினான். இவன் தூணுக்குத் தூண் ஸ்பீக்கர் கட்டி, நாற்பது பெண்களுக்கு நடுவில் போட்டுக் கேட்கிறான்.

"இன்னொண்ணு மாமா" என்றான் மோகன்ராஜ். "யசோதா அத்தை விஷயம் எங்களுக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"நீங்க தோப்புக்காரரா வந்தீங்க. எங்க சித்தி பொங்கலுக்கு முன்னாடி புடவை விக்கறவங்களா உங்க தெருவுக்கு வந்தாங்க. அத்தை ரெண்டு புடவைகூட எடுத்தாங்களாம். தெருவுல விசாரிச்சுட்டு அப்புறம்தான் தட்டு மாத்த வந்தோம்."

அப்பாவுவின் முகம் சிவந்தது. அவர் வீட்டு ரகசியம் ஆறு மாசமாகச் சித்தூரில் இருந்திருக்கிறது. கோபப்பட வேண்டிய இடம். கோபத்தைத் தேடிப் பார்த்தார். வரவில்லை. வண்டி நுகத்தடியைக் கழட்டிய மாட்டுக்குக் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"பேரம் பேசினாங்களா உங்க சித்தி?"

"முறைப்படி பேசினாங்க மாமா."

சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே எஸ்.டி.டி. பூத். வீட்டு நம்பரைப் போட்டதும் யசோதாதான் எடுத்தாள்.

"பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

"கேட்டியா?"

"கேட்டேன். எல்லாம் சொல்லிக் கேட்டேன்."

பூத் மீட்டரில் காசு காட்டும் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னுதும் சொன்னியா?"

"சொன்னேன். அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்."

"தெரிஞ்சுமா தட்டு மாத்தினாங்க?"

"தெரிஞ்சுதான்."

யசோதா, யாரோ பக்கத்தில் இருப்பது போலக் குரலை இறக்கிக் கேட்டாள்.

"அப்போ கல்யாணத்துல நான் முன்னால வந்து நிக்கலாமா அண்ணா?"

"நிக்கலாமான்னு இன்னா கேள்வி? தரணி பக்கத்துல நீதான் நிக்கணும்."

"எந்தப் புடவை கட்டட்டும்?"

"அதெல்லாம் என்னைக் கேக்காத" என்று சொல்லி போனை வைத்தார்.