கிரகணத்தில் விட்ட சொட்டு

ஸௌம்யாவுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். இல்லாவிட்டால் ஆடி அமாவாசையும் சூரிய கிரகணமும் சேர்ந்து வந்த அன்றைக்கு, காஞ்சிபுரத்தில் தறிகூட ஓடாத நாளில், ஏனாத்தூர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தனியாகக் குடுவையைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

குடுவைக்குள் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கலவை சுழன்றுகொண்டிருந்தது. தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொரு மணியின் மேலும் ஃப்ளோரின் கலந்த இன்னொரு பிளாஸ்டிக்கை ஓடு மாதிரிப் போர்த்த வேண்டும். போர்த்திவிட்டால் பட்டில் பூசலாம். உள்ளே இருப்பது துணியைப் பிடித்துக்கொள்ளும், மேலே இருப்பது தண்ணீரை அண்டவிடாது. சொல்வதற்கென்ன, சுலபம்தான். போன இரண்டு தடவையும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஃப்ளோரின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற புனலின் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாள். திரவம் மணிகளில் ஏறாமல் தனிக் கட்சி ஆரம்பித்து, எல்லாம் திரிந்த பாலாகக் கட்டிதட்டிப் போயிற்று.

ஃப்ளோரின் திரவம் மிச்சம் ஒரே புட்டி. நாளைக்கு அந்தக் குடுவையும் வேறொரு மாணவன் கைக்குப் போகிறது. "இதுவும் போச்சுன்னா ஃப்ளோரினை விட்டுடும்மா, வேற தலைப்பு பாத்துக்கலாம்" என்று ஆராய்ச்சி வழிகாட்டி முரளீதரன் சார் சொல்லிவிட்டார். டாக்டர் பட்டத்துக்காக மூன்று வருஷ உழைப்பு!

நாலு மணிக்கு அம்மா வத்ஸலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கட்டு தர்ப்பை.

"கிரகணம் பிடிக்கப் போறதுடி. ஆத்துக்குக் கிளம்பு."

"முடியாதும்மா. பாதியில விட்டா எல்லாம் பாழ்."

"பெருமாளுக்கே நடை சாத்தியாச்சு. உனக்கென்ன அப்படி வெட்டி முறிக்கிற வேலை?" சொல்லிக்கொண்டே, வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் போட்ட பழக்கத்தில், ஒரு தர்ப்பையைக் கிள்ளிக் குடுவை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். "பால் கெட்டுப் போயிடும்டி!"

"ஐயோ, அது பால் இல்லேம்மா!" ஸௌம்யா பாய்ந்து கையைப் பிடித்தாள். தர்ப்பையைக் கடைசியில் குடுவையைத் தாங்குகிற ஸ்டாண்டின் தலையில் செருகி வைத்தார்கள்.

அம்மா நெடி தாங்காமல் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னதான் பண்றே, சொல்லு."

"விழற சொட்டை மணியெல்லாம் இழுத்துக்கணும். இழுத்துண்டப்புறம்தான் அடுத்த சொட்டு."

"மைசூர்பாகுக்கு நெய் விடற மாதிரியா?"

"அதேதான்மா."

ஜன்னல் வெளிச்சம் மங்கியது. கிரகணம் விட்டுக் குளிக்காமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள், காலையிலிருந்து பட்டினி. சர்க்கரை உடம்பு வேறு. ஜபம் பண்ணுகிற உதடு நடுங்குவதைப் பார்த்து ஸௌம்யாவுக்குத் தாங்கவில்லை. சொட்டு சீக்கிரம் தீர்ந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாய் சாதம் போடலாம். பாழாய்ப்போன பட்டம், போனால் போகட்டும்! கை குழாய்க்குப் போயிற்று.

"கையை எடு." அம்மா ஜபத்தை நிறுத்தியிருந்தாள். "எனக்காக நெய்யைக் கொட்டிப் பாகைக் கெடுக்காதே. நான் உக்காண்டிருக்கேன்."

கிரகணம் விட்டு, இருட்டி, கடைசிச் சொட்டு விழுந்தபோது குடுவையில் ஒரு கட்டிகூட இல்லை.

மறுநாள் அதைப் பட்டுத் துண்டில் பூசி, காயவைத்து, இஸ்திரி போட்டு நீட்டினாள். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டு ஓடிப்போயிற்று.

"கிரகணத்துல பண்ணினதாச்சே! தண்ணியே ஒட்டலேன்னா தீட்டு எப்படிடி போகும்?"

"பட்டுக்கு ஏதும்மா தீட்டு? நீதானே சொல்வே."

அம்மா துண்டைப் பதவிசாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புடவை மாத்திண்டு வரேன், இரு. இதை உங்க சார்கிட்ட நானே காட்டறேன். தலைப்பை மாத்தணும்னு சொன்னாரோல்லியோ?"