கல்குடில் வாசலில் பெப்போ

2003 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, இஸ்திரியாவின் வோட்ஞான் ஊரில் பெப்போ இறந்தார். வயது எழுபத்திரண்டு.

மறுநாள் காலை அவருடைய மகள் நெவியா அச்சகத்தில் நின்றிருந்தாள். மரண அறிவிப்புக்கு அவள் நீட்டிய படத்தை அச்சுக்காரர் தோமே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முகம் எங்கம்மா? எல்லாம் கல்லா இருக்கு.”

“வாசல்ல நிக்கிறார் பாருங்க. அளவுகோலைப் புடிச்சிக்கிட்டு.”

சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கிய கூம்புக் குடில். வயல்வெளியில் நிற்கும் இத்தகைய குடில்களை முப்பது வருஷமாக அளந்து படமெடுத்தவர் பெப்போ. இடிக்கக் கூடாதென்று சட்டம் உண்டு. இந்தக் குடில் அவருடைய தம்பி லீவியோவின் தோட்டத்தில் நின்றது. போன வருஷம் லீவியோ அதை இடித்துவிட்டு நீச்சல் குளம் தோண்ட ஆரம்பித்தார். விசாரிக்க வந்த மரபுக் கட்டட அலுவலகத்தாரிடம், “அங்க குடிலே இருந்ததில்ல. எங்கண்ணனுக்குப் புத்தி தடுமாறுது” என்றார்.

அதற்குப் பிறகு பெப்போ காமிராவைத் தொடவில்லை. குடில் படத்தை அவர்களிடம் காட்டச் சொன்ன மகளிடம், “கூடப் பொறந்தவன், விடு” என்றார்.

நெவியா விடவில்லை.

“இந்த ரெட்டை ஆலிவ் மரம்...” தோமேயின் குரல் தாழ்ந்தது. “இப்பவும் அந்தக் குழி ஓரமா நிக்குதே?”

“ஆமா. படத்தைப் பெரிசா போடுங்க. கீழ, துக்கப்படுறவங்க வரிசையில சித்தப்பா பேரு முதல்ல வரணும்.”

“பொல்லாத பொண்ணும்மா நீ.”

மதியத்துக்குள் அறிவிப்பைக் கம்பம் கம்பமாக ஒட்டினாள். கடைசியாக, லீவியோ காப்பி குடிக்கும் கடை வாசலில். பசை காய்வதற்குள் அவரே வந்தார்.

“என்னடி இது? அண்ணனுக்கு வேற படமே கிடைக்கலியா?”

“அப்பா ஒளிச்சு வெச்சிருந்தது சித்தப்பா.”

“கிழி இதை.”

“நீங்களே கிழிங்க. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அடக்கம் முடியுமுன் செத்தவரின் அறிவிப்பைக் கிழித்தவனோடு அந்த ஊரில் யாரும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். காகிதம்வரை போன லீவியோவின் கை இறங்கியது.

“நீ உங்கப்பன் மாதிரி இல்ல.”

“இல்ல.”

வியாழக்கிழமை, தம்பி என்ற முறையில் லீவியோ முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினார். கல்லறை வழியெங்கும் கம்பத்துக்குக் கம்பம் பெப்போ குடில் வாசலில் நின்றார். பின்னால் வந்தவர்கள் நின்று நின்று படித்தார்கள். நெவியா சித்தப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அடக்கத்துக்கு வந்திருந்த மரபுக் கட்டட அலுவலகப் பெண் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் குளம் தோண்டும் வேலை நிறுத்தப்பட்டது.