பிடிபடுவதற்கென்று ஓர் ஆள்

செம்பூரில் இருக்கும் அந்தப் பெரிய மளிகைக் கடையின் தானியங்கிக் கதவு எனக்குத் திறக்காது. எதிரே போய் நிற்பேன், கையை ஆட்டுவேன், அசையாது. பின்னால் வேறு யாராவது வந்தால் உடனே திறந்துகொள்ளும். இதைக் கேமராவில் சில நாள் பார்த்த மேனேஜர் ராஜகுமார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்.

"மெஷின் கண்ணுக்கே படாத ஆள் அங்கிள் நீங்க. திருடன் கண்ணுலயா படப்போறீங்க?"

என் பெயர் பூலோகம். பெயரில் இருக்கிற அளவு ஆளில் கிடையாது. இந்த வயதில், கண்ணில் படாத தகுதிக்காகச் சம்பளம் வாங்கியவன் மும்பையிலேயே நான் ஒருவன்தான்.

தாராவியிலிருந்து பஸ் பிடித்து வந்து, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வாடிக்கையாளரைப் போலச் சுற்ற வேண்டும். யார் எதை எங்கே செருகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்தாலும் உடனே பிடிக்கக் கூடாது. பில் போடாமல் சாமான் வாசலைத் தாண்டினால்தான் திருட்டு, அதுவரைக்கும் அது ஷாப்பிங். வாசல் காவலுக்கு நிற்கும் கலைச்செல்விக்குக்கூட நான் யாரென்று தெரியாது. தெரிந்தால் வணக்கம் வைத்தே காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று ராஜகுமாருக்குப் பயம்.

அப்போது ஒரு கூட்டம் கடையில் நெய்யையும் பாதாமையும் சூறையாடிக்கொண்டிருந்தது. நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு கூர்மையாக என்றால், நான் சாய்ந்து நின்ற அடுக்கிலிருந்தே நெய் போனது.

"இந்தத் தடவையும் ஸ்டாக் குறைஞ்சா ஹெட் ஆஃபீஸ் உங்கள வச்சுக்க மாட்டாங்க அங்கிள்" என்றார் ராஜகுமார்.

வேலை போனால் பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். வீடு என்பது ஒரே அறை. அதில் என் மனைவி கனகவள்ளியின் அபிப்பிராயங்களுக்கே இடம் போதாது.

இந்த நிலைமையில்தான் பிஸ்கட் அடுக்கருகே ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் போகிற வழியில் பருப்பு வாங்க நுழைந்தவளைப் போலிருந்தாள். கனகவள்ளியிடம் நான் போனில் திட்டு வாங்கியபோது பேச்சைக் கேட்டு, நானும் அவள் ஊர்ப் பக்கத்து ஆள்தான் என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. தெனமும் வாரீய, சுத்துதீய, ஒண்ணும் வாங்காம போறீய. எடுத்த மாதிரியும் தெரியல. இப்படித் தொழில் பண்ணா வெளங்குமா?"

"எந்தத் தொழிலு தாயி?"

"யார்ட்ட மறைக்கீய? அந்தக் கேமராவ இப்படியா முழிச்சுப் பாக்கது? திருட்டு முழி நல்லாத்தான் இருக்கு, கைதான் ஓட மாட்டேங்கு."

வெகுகாலத்துக்குப் பிறகு ஒருத்தி என்னைக் கவனித்திருக்கிறாள். நெஞ்சு கொஞ்சம் நிறைந்தது. அப்புறம்தான் மூளை விழித்தது: அந்தக் கூட்டமே இவளுடையதுதான்.

"வயசாயிட்டு தாயி, கை நடுங்குது" என்றேன்.

அவள் பெயர் சொர்ணம்மாள். மனமிரங்கி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னாள். ஒருத்தி கடை ஆட்களைப் பேச்சில் பிடித்துவைப்பாளாம். இன்னொருத்தி பருப்பைக் கொட்டிக் கவிழ்ப்பாளாம். அந்தச் சந்தடியில் சொர்ணம்மாள் சிவப்புப் பையை நிரப்புவாளாம். மயக்கம் வருகிறவனைப் போல நான் தள்ளாடினால் போதுமாம்.

நேரே ராஜகுமாரிடம் போனேன். "கலைச்செல்விகிட்ட ஒரே வார்த்த சொல்லி வையுங்க. செவப்புப் பை யார் கையில வாசலத் தாண்டுதோ, அந்த ஆள விடக் கூடாது."

வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களில் சொன்னது சொன்னபடி நடந்தது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பருப்பு கொட்டியது. நான் தள்ளாடினேன். யாரும் கவனிக்கவில்லை என்றாலும் நன்றாகவே தள்ளாடினேன். சொர்ணம்மாள் பையை நிரப்பிக்கொண்டு, ஆளில்லாத பில் மேசையைக் கடந்து நடந்தாள். நெய் டப்பாக்களின் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். பின்னால் நான் கையை வீசிக்கொண்டு போகிறேன். ஒரு பொம்பளையைச் சுமக்க விட்டு ஆம்பளை அப்படிப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"கொண்டா தாயி, நான் தூக்கியாரேன்."

"நல்லா இருப்பீய அண்ணாச்சி" என்று கொடுத்துவிட்டாள்.

அவள் வெறுங்கையோடு வாசலைத் தாண்டினாள். நான் சிவப்புப் பையோடு தாண்டினேன்.

கலைச்செல்வி கபடி ஆடியவள். வானம் தெரிந்தது, பிறகு தரை தெரிந்தது, அப்புறம் என் முதுகில் அவள் முழங்கால் இருந்தது.

"யம்மா, நான் கடை ஆளு! துப்பறியறவன்!"

"நான் போலீஸ் கமிஷனரு. பேசாம கெட தாத்தா!"

கூட்டம் கூடிப் படம் பிடித்தது. ஆட்டோவில் ஏறப்போன சொர்ணம்மாள் வாயில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். ராஜகுமார் ஓடிவந்து, என்னைத் தெரியாதவரைப் போலவே அறைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மறுநாள் கனகவள்ளியின் மூன்றாவது அபிப்பிராயத்துக்கு நடுவில் போன் வந்தது.

"அண்ணாச்சி, விட்டுட்டாவளா? எங்க பேர ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!" சொர்ணம்மாள் தழுதழுத்தாள். முதுகில் முழங்கால் இருக்கும்போது பேர் வராது என்று நான் விளக்கவில்லை. "தள்ளாடுத கெழவரையே இந்த அமுக்கு அமுக்குதாவன்னா, நம்மள விடுவாவளா? அந்தக் கடப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். மத்த கூட்டத்துக்கும் வீடியோவ அனுப்பியாச்சு."

அடுத்து ஸ்டாக் எடுத்தபோது ஒரு டப்பா குறையவில்லை. ராஜகுமாரே தாராவிக்கு வந்து, எங்கள் சந்தில் ஷூவை நனைத்துக்கொண்டு நின்றார். "வந்திருங்க அங்கிள். ஹெட் ஆஃபீஸுக்கு அந்த ஐட்டம் ரொம்பப் பிடிச்சிருக்கு."

அதிலிருந்து மாதம் ஒருமுறை, கூட்ட நேரமாகப் பார்த்து, நான் பிடிபடுகிறேன். இப்போது கலைச்செல்விக்கு என்னைத் தெரியும், அதுதான் தொல்லை. அமுக்கும்போதே "வலிக்கா தாத்தா?" என்று காதில் கேட்டுத் தொழிலைக் கெடுக்கிறாள்.

போன மாதம் அணுசக்தி நகரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு விஞ்ஞானி குறுக்கே விழுந்து தடுத்தார். பசிக்குத் திருடுகிறவரை அடிக்கலாமா என்று ஹிந்தியில் எல்லாரையும் கேட்டார். பையில் இருந்த அத்தனைக்கும் அவரே பில் கட்டி, பையை என் கையில் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராஜகுமாரிடம் போய், இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அடுத்த மாசம் பையில கொஞ்சம் குங்குமப்பூவும் போட்டுக்கோங்க."